மாமன் கொடுத்த தட்சிணை

பாதுகாப்பு இணை அமைச்சரின் அறை அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரில் வெயில் படாத பக்கத்தில், கழிப்பறையை ஒட்டி இருந்தது. கௌசிலா ராவத் அங்கே வந்து உட்கார்ந்து பல மாதங்கள் ஆகியும் மேசைக்கு ஒரு கோப்புகூட வரவில்லை. தேநீர் வந்தது, அதுவும் ஆறிப்போய்.

முதல் நாளே அறை உதவியாளர் பீர்க பகதூர் அந்தப் பதவியின் வரலாற்றைச் சொல்லிவிட்டார்.

“அந்தத் திரை இருக்கு பாருங்க ஹஜுர், அது உங்களுக்கு முன்னாடி இருந்தவர் போட்டது. அவருக்கு முன்னாடி இருந்தவர் சோபாவை மாத்தினாரு. அதுக்கும் முன்னாடி ஒருத்தர் மீன்தொட்டி வாங்கி வச்சாரு. மீனு செத்துப்போச்சு, தொட்டிதான் மிச்சம்.”

“வேலை என்ன பாத்தாங்க?”

“அதைத்தானே ஹஜுர் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

கூட்டணி ஆட்சிகள் வந்தபிறகு, பந்தியில் இடம் கிடைக்காதவர்களைச் சமாளிக்க ஓரமாகப் போட்ட இலை அது. இலை உண்டு, சோறு கிடையாது. கௌசிலாவின் கோஷ்டி முரண்டு பிடித்ததால் கட்சி அவளை அந்த இலையில் உட்கார வைத்தது. பரிமாற வேண்டிய பாதுகாப்பு அமைச்சர் டம்பர் குன்வர், அவள் அம்மாவின் சொந்தத் தம்பி. கட்சித் தலைமைக்கு நடந்த போட்டியில் மாமனுக்கு எதிராகக் கை தூக்கியவள் அவள். டம்பர் எதையும் மறக்கிற மனிதர் அல்ல.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் ஊரான சிம்லேயில் சுனைக்குப் போகும் பாதை படை முகாமுக்குள் அடைபட்டுக் கிடந்தது. பெண்கள் குடத்தோடு மலையைச் சுற்றிப் போய் வந்தார்கள். பாதையைத் திறந்துவைப்பேன் என்று கைகூப்பித்தான் ஓட்டு வாங்கினாள். இப்போது ஊரிலிருந்து போன் வந்தால் நாலைந்து மணி அடித்தபிறகுதான் எடுத்தாள்.

“என்ன மந்திரியம்மா, உங்க காருக்கு மட்டும் ரோடு இருக்காமே?” என்றாள் பக்கத்து வீட்டு மைனா. “தசைன் பண்டிகைக்கு வந்தா ஒரு குடம் எடுத்துட்டு வாடி. தண்ணி எவ்வளவு தூரம்னு தெரியும்.”

தனக்கு ஏதாவது பொறுப்பை ஒதுக்கச் சொல்லி கௌசிலா மூன்று முறை மாமனிடம் போனாள். மூன்றாவது முறை அறை நிறைய அதிகாரிகள் இருந்தார்கள். டம்பர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“ஐயோ, அக்கா பெத்த பொண்ணை வேலை வாங்கலாமா? பாவம் ஏழு தலைமுறைக்குச் சுத்துமே! நீ எங்க வீட்டு தெய்வம். சும்மா உக்காந்திரு தாயே, நாங்க கும்பிட்டுக்கிறோம்.”

அதிகாரிகளும் சிரித்தார்கள். படைத் தலைமையகத்திலிருந்து வந்திருந்த ஜெனரல் மட்டும் மீசையைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். கௌசிலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறைக்குத் திரும்பிக் காலி மீன்தொட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘கும்பிட்டுக்கிறோம்’ என்ற அந்தச் சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அந்த மலைகளில் மாமன்தான் உடன்பிறந்தவள் பெற்ற மருமகள் காலில் விழவேண்டும். நம்மூர் மாமன்மார் இதைக் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அங்கே அதுதான் முறை. தசைனில் நெற்றியில் டீக்கா வைத்து, கையில் தட்சிணை கொடுத்து, காலில் தலை வைத்து மருமகளிடம் ஆசி வாங்கவேண்டும். அவள் தட்சிணையை மறுத்தால் மாமன் குடும்பம் விளங்காது என்பார்கள். இது டம்பருக்கும் தெரியும். அதனால்தான் போன தசைனுக்கு அக்கா வீட்டுப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை.

இந்தத் தசைனில் அவரால் ஒளிய முடியவில்லை. அமைச்சர் மாளிகையில் ஊரைக் கூட்டி டீக்கா வைத்தார். கட்சிக்காரர்கள், தொலைக்காட்சிக்காரர்கள், அந்த மீசைக்கார ஜெனரல் என்று முற்றம் நிறைந்திருந்தது. ஆட்டுக்கறி வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. கௌசிலாவை யாரும் அழைக்கவில்லை. சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு அவளே வந்து, நடுக்கூடத்துப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“மாமா, டீக்கா வைங்க.”

டம்பரின் முகத்தில் ஈயாடவில்லை. கேமராக்கள் திரும்பிவிட்டன. தயிரில் குழைத்த சிவப்பு அரிசியை அவள் நெற்றியில் அப்பினார். பண்டிகைக்கென்று மஞ்சளாக வளர்த்த பார்லி நாற்றுக் கொத்தைத் தலையில் செருகினார். தட்சிணை உறையை நீட்டிவிட்டு, அத்தோடு முடிந்தது என்பதுபோல் அடுத்த ஆளைப் பார்த்தார்.

கௌசிலா கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

“இது வேண்டாம் மாமா.”

வாசலில் நின்ற மாமி ஓடிவந்தாள். “அடியே, அப்படிச் சொல்லாதேடி! எம் புள்ளைங்க நல்லா இருக்கவேண்டாமா? வேற என்ன வேணும்னாலும் கேளு.” பிறகு புருஷன் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். “மரம் மாதிரி நிக்கிறீங்களே, கேளுங்க!”

“என்ன வேணும்?” என்றார் டம்பர்.

“வேலை கேட்டா பாவம்னீங்க. சரி, வேலை வேண்டாம். சிம்லே சுனைப் பாதையைத் தட்சிணையா கொடுங்க. ஜெனரல் சாப் இங்கதான் இருக்காரு.”

டம்பர் கேமராக்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கடைசியில் ஜெனரலைப் பார்த்து, “நாளைக்கே திறந்துவிடுங்க,” என்றார், பெரிய வள்ளல் போல. ஜெனரல் விறைப்பாக நின்று தலையசைத்தார்.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு மாமா,” என்று கௌசிலா கால்களை மெல்ல முன்னால் நீட்டினாள்.

டம்பர் குனிந்தார். தலை காலில் பட்டபோது அவளுக்கு மட்டும் கேட்கும்படி பல்லிடுக்கில் சொன்னார்: “தசைன் முடியட்டும்டி. அந்த நாற்காலியிலிருந்து உன்னைத் தூக்கி எறியலைன்னா நான் குன்வர் இல்ல.”

கௌசிலா அவர் தலையில் கையை வைத்துக் கூடம் முழுக்கக் கேட்கும்படி ஆசி சொன்னாள். “நூறு வருஷம் நல்லா இருங்க மாமா. சொன்ன வாக்கை எல்லாம் காப்பாத்துங்க.”

அவர் இரண்டு வாக்கையும் காப்பாற்றினார். மறுநாளே சிம்லேயில் முள்வேலி அறுபட்டது. மைனாவின் போன் வந்தபோது பின்னாலிருந்து குடங்கள் இடிபடும் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன. அவள் ஏதோ திட்டவந்தாள், முடியாமல் அழுதுவிட்டாள். விடுமுறை முடிந்து சிங்க தர்பார் திறந்ததும் கௌசிலாவின் பதவி போயிற்று.

இணை அமைச்சராக டம்பரின் மச்சினன் வந்தார். மச்சினன் காலில் விழும் வழக்கம் எந்த மலையிலும் இல்லை. அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மூக்கைச் சுளித்தார்.

“திரை ஒருத்தர், சோபா ஒருத்தர், தொட்டி ஒருத்தர்னு சொல்றே. இந்தப் பொம்பளை என்ன வச்சுட்டுப் போனா?”

பீர்க பகதூர் ஆறிப்போன தேநீரை அவர் முன்னால் வைத்தார்.

“இங்க ஒண்ணும் வைக்கலை ஹஜுர்.”