எடுக்காத சீட்டு

“எடுத்த சீட்டைப் பிரிச்சுப் படிக்கிய, சரி. எடுக்காத சீட்டை என்னைக்காவது ஒருத்தராவது பிரிச்சுப் பாத்திருக்கியளாட்டி?”

ராஜேஸ்வரி அக்கா இதைக் கேட்டது போன ஆடியில். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கடைத்தெரு நெரிந்துகொண்டிருந்தது. தன் தையல் கடைக்குள் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, நூலைப் பல்லால் கடித்தபடி, சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள். எப்சிபா யாருக்குமே சட்டென்று பதில் சொல்லிவிடுகிறவள் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி அவளோடு வீடு வரைக்கும் வந்தது.

எப்சிபாவின் அப்பா பவுல்பாண்டியன் வீட்டில் பெரிய முடிவு எதையும் மனிதர்கள் எடுப்பதில்லை. நாள்காட்டியில் கிழித்த தாளை அப்பா இரண்டாக்குவார். விஷயத்துக்குத் தக்கபடி, ஒன்றில் ‘செய்யலாம்’ என்றும் மற்றதில் ‘வேண்டாம்’ என்றும் எழுதி, நாலாக மடித்து, அண்ணன் ஜெர்சோன் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்குள் போட்டுக் குலுக்குவார். சாயங்கால ஜெபம் முடிந்ததும் வீட்டில் இளையவர் யாரோ அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். இளையவள் எப்சிபாதான். எடுத்ததை அப்பா சத்தமாக வாசிப்பார். மற்றதை அம்மா ரெபேக்காள் அடுப்படிக்குக் கொண்டுபோய்த் தீயில் காட்டிவிடுவாள். அதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஆண்டவரைச் சந்தேகித்ததாக ஆகிவிடும்.

அண்ணன் சென்னை வேலைக்குப் போனதும், திருவேங்கடம் ரோட்டில் மனை வாங்கியதும், அம்மாவின் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டதும் அந்தக் கோப்பைக்குள்ளிருந்து வந்த முடிவுகள்தான். எப்சிபா பதினொன்றாம் வகுப்போடு நின்றதும் அப்படித்தான்.

வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிரித்தார்கள். மறுநாளும் வாசிக்கச் சொன்னார்கள், மறுநாளும் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் கொஞ்ச நாள் வீட்டிலேயே படுத்துக்கிடந்தாள். ஆனால் சீட்டுப் போட்ட அன்று காலையில் அவளே எழுந்து, யூனிபார்மைத் துவைத்துத் தேய்த்து, கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தாள். நாளைக்குப் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அன்று சாயங்காலம் அவள் கையாலேயே எடுத்த சீட்டில் ‘நின்றுவிடட்டும்’ என்று இருந்தது.

அப்பா நின்றுவிடச் சொல்லியிருந்தால் அழுது பார்த்திருக்கலாம். அம்மா சொல்லியிருந்தால் சாப்பிடாமல் கிடந்திருக்கலாம். ஆண்டவரே சொல்லிவிட்டால் யாரோடு மல்லுக்கு நிற்பது? அதனால் அவள் ஆண்டவரோடு கோபித்துக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், பெண்கள் பக்கத்தில் கடைசிப் பாயில் உட்கார்ந்து, பாட்டுப் பாடும்போது வாயை மட்டும் அசைப்பாள். சத்தம் கொடுக்க மாட்டாள். அந்தக் கோபம் ஒருவருக்கும் தெரியாது.

அப்படி வீட்டில் கிடந்த நாட்களில்தான் கம்ப்யூட்டர் அவள் கைக்கு வந்தது. அண்ணன் படிப்புக்காக வாங்கியது. அவன் லேப்டாப்போடு சென்னைக்குப் போனபின், பழைய திரைச்சீலையில் அம்மா தைத்த உறைக்குள் சும்மா கிடந்தது. ராஜேஸ்வரி அக்காவுக்கு எம்பிராய்டரி மெஷின் விற்ற கடையநல்லூர் ஆஷிக் அலி, சவூதிக்குக் கிளம்பும் அவசரத்தில், டிசைன் போடுகிற ப்ரோகிராமை அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வரைந்ததைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும். ராஜேஸ்வரி அக்கா கடையில் மெஷின் அதை அப்படியே ஜாக்கெட்டில் தைத்துத் தள்ளும்.

பிச்சி மொட்டு, நெல் கதிர், கோழிக்கொண்டை. ஒருநாள் கருவேலம் பூவையும் முள்ளையும் ஜாக்கெட்டின் பின்கழுத்தைச் சுற்றி வருகிற மாதிரி வரைந்துகொண்டு போனாள்.

“ஏட்டி, முள்ளைக் கொண்டாந்து கல்யாணப் பொண்ணு முதுகுல வைக்கியே, மாப்ளக்காரன் குத்துதுன்னு ஓடிருவாம்லா!” என்றாள் அக்கா. ஆனால் தைத்தாள். அந்த முள் ஜாக்கெட்டைக் கேட்டுக் குருவிகுளத்தில் இருந்தெல்லாம் ஆள் வந்தது. முகம் பார்த்துப் பேச வராத எப்சிபா, கோயிலில் கடைசிப் பாயில் உட்கார்ந்துகொண்டு முன்னால் இருக்கிற முதுகுகளைப் பார்ப்பாள். அவள் பூக்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த ஜெர்சோன், வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தான். திறந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

“அப்பா! இன்னும் விண்டோஸ் பத்தா ஓடுது? அதுக்கு ஆதரவே முடிஞ்சிட்டு. இனிமே பாதுகாப்பு ஒண்ணும் வராது. இதுல போயி பேங்குக் கணக்கைத் தொறக்கியளே!”

அப்பா பயந்துவிட்டார். பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்க மட்டும்தான் அவர் அந்த நாற்காலியில் உட்காருவார். பாஸ்வேர்டு அடிக்கும்போது எப்சிபா சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும்.

“அப்ப என்னலே செய்யணும்?”

“பதினொண்ணைப் போட்டுரணும். இந்தப் பெட்டி பழசு, நேரா ஏறாது. குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்ல இருந்து போடுதேன்.”

எல்லாத்தையும். அந்த ஒரு சொல் எப்சிபாவுக்கு அடுப்படி வரை கேட்டது. அவன் சொன்னதில் பொய் இல்லை. பழசு ஆபத்துதான், ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவன் அப்பாவிடம் கேட்டான். உனக்கு அதில் ஏதாவது இருக்கா என்று அம்மாவிடம்கூடக் கேட்டான். அம்மாவுக்கு அதை எப்படித் திறப்பது என்றே தெரியாது. தினம் காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தத் திரைக்கு முன்னால் கண் எரிய உட்கார்ந்திருக்கிறவள் கையில் கரண்டியோடு நிற்கிறாள். அவளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளாகத்தான் போய்ச் சொன்னாள். “அண்ணே, என் டிசைன் ப்ரோகிராம் புதுசுல ஓடாது. ஆஷிக் அண்ணன் அப்பவே சொன்னாவ.”

“வேற ஒண்ணு இறக்கித் தாரேன்ட்டி.”

“அதுல நான் போட்ட டிசைன் தொறக்காது.”

“திரும்ப வரைஞ்சுக்கோ. உனக்கென்ன, ஆபீஸுக்கா ஓடணும்? நேரம்தான் கிடக்குல்லா.”

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எப்சிபாவுக்குக் காது மடல் சுட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்கு நடந்தாள். ராஜேஸ்வரி அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு மெஷினையே நிறுத்திவிட்டாள்.

“குருவிகுளத்து இசக்கித்துரை வீட்டுக் கல்யாணம் தையில இருக்கு. அந்த வீட்டுப் பொம்பளைய அத்தனை பேரும் முள்ளு ஜாக்கெட்டுக்குச் சொல்லியிருக்காவ. ஆளுக்கு ஒரு அளவு, ஒவ்வொண்ணுக்கும் நீதான் மாத்தி வரையணும். நான் என்ன, அவிய கிட்டப் போயி உங்க அண்ணன் லீவுல வந்து அழிச்சுட்டாம்னு சொல்லவா? தை வரைக்கும் பொறுக்கச் சொல்லு. பேங்குக்குத்தான் பயம்னா நெட் வயரைப் புடுங்கி எறியச் சொல்லு. உங்கப்பா செல்போன்ல பாக்கட்டும்.”

எப்சிபா அதை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். வாசல் கம்பிக் கிராதிக் கதவைத் திறக்கும்போது அண்ணன் முற்றத்தில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். “ஆமாலே, ஜெபம் முடிஞ்சதும் போட்டுருவேன். ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும். நீ காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு, குத்தாலம் போவோம்.”

அவள் உள்ளே போய், மனப்பாடம் செய்ததைச் சொல்லி முடித்தாள். ஒரு வார்த்தை விடவில்லை.

“வயரைப் புடுங்கணுமா? இது யாரு ஐடியா, தையக்கார அக்காவா?” என்று அண்ணன் சிரித்தான். “நல்லா இருக்கு. கரண்டையும் புடுங்கிட்டா இன்னும் பாதுகாப்பு.”

“எதுக்கு வாக்குவாதம்?” என்றார் அப்பா. நாள்காட்டிப் பக்கம் கையை நீட்டிவிட்டார். “ஆண்டவர் கிட்ட விட்டுருவோம். அவர் சொன்னா யாருக்கும் மனவருத்தம் கெடையாது.”

அப்போதுதான் எப்சிபாவுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆண்டவர் இன்னும் சொல்லவே இல்லை. அதற்குள் ஜெபம் முடிந்ததும் போட்டுருவேன் என்று அண்ணன் எப்படி அடித்துச் சொன்னான்? குற்றாலத்துக்குக் கூட்டாளியையும் கூப்பிட்டுவிட்டானே? ‘வேண்டாம்’ விழுந்தால் என்ன செய்வான்? விழாது என்று அவனுக்கு யார் சொன்னது?

சாயங்காலம் பாய் விரித்தார்கள். அப்பா நீளமாக ஜெபித்தார். கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஞானம் கொடுத்ததற்காக நன்றி சொன்னார். பிள்ளைகள் ஒருமனமாக இருக்க வேண்டும் என்று கேட்டார். எப்சிபா கண்ணை மூடவில்லை. கோப்பையைப் பார்த்தாள். அதன் பக்கத்திலேயே அண்ணனுடைய பென் டிரைவ் இருந்தது. புது விண்டோஸ் முழுவதும் அதற்குள் தயாராக ஏறி உட்கார்ந்திருந்தது. மடித்த சீட்டுகூட அவ்வளவு தயாராக இல்லை.

“எடு மக்கா” என்றார் அப்பா.

அவள் எடுத்தாள். அப்பா வாங்கிப் பிரித்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசித்தார். “மாற்றலாம்.”

“ஸ்தோத்திரம்” என்றாள் அம்மா. எழுந்து கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாள். அதற்குள் எப்சிபாவின் கை கோப்பைக்குள் போய்விட்டது.

“ஏட்டி, என்ன செய்யுத?” அம்மா பதறினாள். “பிரிக்கக் கூடாது. பாவம். குடு இங்கன.”

எப்சிபா கொடுக்கவில்லை. நாலு மடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அப்பாவின் கையெழுத்து. பள்ளிக்கூட ஆபீசில் ஆயுசு முழுக்க எழுதிப் பழகிய அழகான, சாய்ந்த கையெழுத்து.

மாற்றலாம்.

அவள் அதை ஜெர்சோனிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறும் தேதிதான்.

“அப்பா, நீங்க என்கிட்ட ‘நான் பாத்துக்கிடுதேன்’னு சொன்னது இதுதானா?” என்றான். சிரிப்பு போய்விட்டது. “சும்மா தங்கச்சிகிட்ட எடுத்துச் சொல்லுவியன்னுல்லா நான் நெனச்சேன்.”

அப்பா வாசித்த சீட்டை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு நேராக விழவில்லை.

“யாரும் அதைத் தொடக் கூடாது” என்றாள் எப்சிபா. அது அவள் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை. “தை முடியட்டும். இசக்கித்துரை வீட்டு வேலை முடியட்டும். அதுக்கப்புறம் மாத்தலாமா வேண்டாமான்னு என்கிட்டக் கேளுங்க. என்கிட்ட! நான்தான் அதுல உக்காருதேன். கண்ணு எரியுதது எனக்கு. ஆண்டவருக்கு எம்பிராய்டரி தெரியுமா, தெரியாதா, அதை அவர் பாத்துக்கிடட்டும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை என்னைக் கேக்கதுக்கு உங்களுக்கு என்ன கேடு?”

“ஏட்டி, அப்பாவப் பாத்து...” என்று அம்மா ஆரம்பித்தாள்.

ஜெர்சோன் பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் கண் கோப்பை மேலேயே இருந்தது. சென்னை வேலைக்குப் போகவா வேண்டாமா என்று போட்ட சீட்டைத்தான் நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் நினைப்பில் கதவுக்குப் பின்னால் தேய்த்துத் தொங்கவிட்ட யூனிபார்ம் நின்றது.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். யாருடைய முகத்தையும் அவள் இதற்கு முன் இப்படி நேராகப் பார்த்ததில்லை.

“அப்பா, நான் பள்ளிக்கூடத்த விட்டு நிக்கணும்னு அன்னைக்குச் சீட்டுப் போட்டியளே. அதுல இன்னொரு சீட்டுல என்ன எழுதியிருந்திய?”

அம்மாதான் அவசரமாகச் சொன்னாள்: “எல்லாம் உன் நல்லதுக்குத்தான் மக்கா. நீ தெனமும் அழுதுட்டு வந்து நின்னா அப்பா எப்படித் தாங்குவாவ? உனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான்...” பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்படியானால் அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தத் தாளைக் கொண்டுபோய்த் தீயில் காட்டினாள்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாயில் உட்கார்ந்து, வாயை மட்டும் அசைத்து, ஆண்டவரோடு பேசாமல் இருந்திருக்கிறாள்! கோபித்ததெல்லாம் சம்பந்தமே இல்லாத ஆளோடு. கோபிக்க வேண்டியவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, இஸ்திரி போட்ட சட்டையில், வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தார். போன ஞாயிறு வரை பாடிக்கொண்டிருந்தார்.

“உங்களத்தான் கேக்கேன்பா. அம்மாவ இல்ல. நான் போகணும்னுதான் இருந்தேன். துணியெல்லாம் தேச்சு வச்சிருந்தேன். அன்னைக்கும் ரெண்டுலயும் ஒண்ணுதானா?”

பவுல்பாண்டியன் மடித்த சீட்டைக் கோப்பைக்குள் திரும்பப் போட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். பாயிலிருந்து எழும்ப ஒரு கையைத் தரையில் ஊன்றினார். ஜெர்சோன் பிடிக்கப் போனான். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு, தானே எழுந்து, ஆணியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எப்சிபாவைத் தாண்டி, வாசல் கிராதியைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.