பன்னிரண்டு வரைக்கும் சங்கு வேண்டாம்

சாவுக்குச் சங்கு ஊத வந்த கருப்பன் அதை வாய்க்குக் கொண்டுபோனார். முத்துராஜ் எட்டி அவர் கையைப் பிடித்தான்.

"இப்ப ஊதாதீங்க. பன்னெண்டு ஆகட்டும்."

"காலையில ஏழு மணிக்குப் போன உசுருடா," என்று சித்தப்பா ராசு பந்தல் கம்பைக் கீழே போட்டார். "அவரு பெத்த மகளுக்கே சொல்லலையாமே நீ? என்ன, கலெக்டரு வந்து நேரம் குறிக்கணுமா?"

முத்துராஜ் பிடியை விடவில்லை. சங்கு கேட்டால் திருவரங்குளம் ஊரே தங்கச்சிக்குப் போன் போடும்.

உள்ளே அப்பா அய்யாக்கண்ணு கிடந்தார். முப்பது வருசம் கல்குவாரித் தூசி தின்று ஓயாமல் இருமிய நெஞ்சு. தங்கச்சி செல்வராணி திருச்சியில் ஆராய்ச்சி படிக்கிறாள். உயிரோடு இருக்கும் ரத்தச் செல்லுக்குள் ஓடுகிற ஆர்.என்.ஏ. சேதியைக் காட்ட ஒரு சாயம் செய்திருந்தாள். சேதி இருந்தால் பச்சையாக ஒளிவிடும். தூசி உள்ளே செய்கிற கெடுதலை எக்ஸ்ரேக்கு முன்னாலேயே அது காட்டுமா என்று அப்பாவின் ரத்தத்தில் பார்க்க வேண்டும். செல் செத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. மூன்று தடவை கொண்டுபோன ரத்தம் பஸ் சூட்டில் கெட்டுப்போனது. நாலாவதை நேற்றுச் சாயங்காலம் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாள். சாவு தெரிந்து பாதியில் விட்டு ஓடி வந்தால், இனிமேல் எடுக்க வழியில்லை.

விடியும்போது அப்பாதான் சொன்னார். "நான் போயிட்டாலும் அவ பாத்து முடிக்கிற வரைக்கும் சொல்லாத. பன்னெண்டு ஆவும்னு சொன்னா. ஒன் நெஞ்சுலயும் அதே தூசிதான்டா."

பதினொன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. முத்துராஜ் கையை உயர்த்தினான். அழ வாய் திறந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் பொத்திக்கொண்டார்கள்.

"அண்ணே, எரியுதுண்ணே! பச்சப் பச்சையா! இன்னும் உசுரோட இருக்கு!"

"போட்டோ எடுத்துட்டியா?"

"எல்லாம் எடுத்தாச்சு, முடிஞ்சிருச்சு. அப்பாகிட்ட குடு, நானே சொல்றேன்."

இனி சொல்லிவிடலாம். ஆனால் அவன் உள்ளே போய், தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைச் சற்று விலக்கி, அப்பாவின் காதில் போனை வைத்தான். அவனைப் பெற்ற ஆத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"யப்பா, ஒன் ரத்தம்ப்பா... நச்சத்திரம் மாதிரி இருக்கு. கேக்குதாப்பா?"

வாசலில் ராசு தலைத்துண்டை எடுத்தார்.

"யப்பா?"

அவள் குரல் தணிந்தது.

"அண்ணே... அப்பா ஏண்ணே இருமல?"

முத்துராஜ் கையை எடுக்கவில்லை. அப்பாவின் கன்னத்தோரம் போன் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.