அறுபத்தைந்தாவது புள்ளி

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று காலை நன்றாகவே சிவந்திருக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மொத்தம் அறுபத்தைந்து. எல்லாவற்றிலும் ஒரு காவல் மென்பொருள் உண்டு. அது என் அறையிலிருக்கும் ஒரே திரைக்குக் கட்டுப்பட்டது. எந்தக் கணினியில் எதைப் பூட்டுவது, எதை அழிப்பது என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம். ஓடுகிற கணினிக்குத் திரையில் பச்சைப் புள்ளி, அணைந்ததற்குச் சாம்பல் புள்ளி. தினமும் மதியம் பன்னிரண்டுக்கு ஒரே ஒரு புள்ளி சாம்பலாகும். அது ஆவண அறை ஜெபராணி அக்காவின் கணினி.

அந்த அறைக்கு அடுத்தது சிற்றாலயம். நடுச்சுவரின் மேல்பக்கம் காற்றுக்காகத் திறந்தே கிடக்கும். அக்காவின் கணினியோ பழசு, அதன் விசிறி ஓயாமல் இரையும். அதனால் மதிய ஜெபத்துக்கு மணி அடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். இருபது நிமிடம் கழித்து வந்து போடுவார். அதற்குள் நான் அனுப்பிய வேலை பாதியில் நின்றிருக்கும். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் எனக்கு ஒருநாளும் நூற்றுக்கு நூறு வந்ததில்லை. புது விசிறி வேண்டுமென்று அக்கா மூன்று முறை எழுதிக் கொடுத்ததைக் கிடப்பில் போட்டவனும் நான்தான்.

அன்று காலை நேரே போய் எல்லோர் முன்பும் சத்தம் போட்டேன். "அக்கா, எத்தன தடவ சொல்ல? இன்னைக்கு அணைச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

என்னைவிட இருபது வயது மூத்தவர். "சரி தம்பி, இனி அணைக்கல" என்றார். முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்தும் நான் திரும்பி வந்துவிட்டேன்.

மதியமாகியும் அந்தச் சூடு ஆறவில்லை. பன்னிரண்டே காலுக்கு எல்லாக் காவல் மென்பொருளுக்கும் ஒரு கட்டளை அனுப்பினேன். யார் எழுதியதென்று அடையாளம் இல்லாத கோப்புகளைக் கண்டால் கேட்காமல் அழித்துவிடு. இதையெல்லாம் முதலில் ஒரு கணினியில் விட்டுப் பார்க்க வேண்டும். பிறகுதான் மற்றவற்றுக்கு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அதுதான். அன்று நான் 'அனைத்தும்' என்ற கட்டத்தைத் தட்டினேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டயாலிசிஸ் பிரிவிலிருந்து நர்ஸ் ரீபா கூப்பிட்டாள். "சார், பேஷன்ட் விவரம் ஒண்ணையும் காணல. ஒரு மணிக்குத் தாவூது பாய்க்கு மெஷின் போடணும். அவரு ஒடம்புலருந்து எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு தெரியாமத் தொட முடியாது சார். போன தடவ கூடிப்போயி மயங்கிட்டாரு. அதுக்கப்புறம் டாக்டர் மாத்தி எழுதினாவ. அவங்க இப்ப பிளைட்ல இருக்காவ."

டயாலிசிஸ் பதிவேடு வெளியே வாங்கிய மென்பொருள் அல்ல, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் எழுதிக் கொடுத்தது. அதற்கு எந்த அடையாளமும் கிடையாது. சர்வரில் இருந்ததும் போயிற்று, அதில் செருகியிருந்த காப்புப் பிரதியும் போயிற்று. முப்பத்தெட்டு நோயாளிகள். நோட்டில் எழுதுவதை, இனி எதற்கு என்று இரண்டு வருடம் முன்பு நிறுத்த வைத்ததும் நான்தான், இந்தக் காசிலிங்கம்தான்.

திரையைப் பார்த்தேன். அறுபத்து நான்கு பச்சை, ஒரு சாம்பல்.

காப்பீட்டுத் தாள் அச்சிடுவதற்காகத் தினமும் காலையில் பதிவேட்டின் ஒரு நகல் ஜெபராணி அக்காவின் கணினிக்குப் போகும். கட்டளை போவதற்கு முன்பே அது அணைந்திருந்தது. போட்ட நிமிடமே கட்டளை அங்கேயும் பாயும். ரத்து செய்யும் பொத்தானை அமுக்கினேன், திரை சுற்றிக்கொண்டே இருந்தது. மணி பன்னிரண்டு பத்தொன்பது. ஜெபத்துக்குப் போகையில் அக்கா போனை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்.

ஓடினேன். மருந்தகத்தின் முன் நின்ற வரிசையை இடித்துக்கொண்டு, செருப்பு ஒன்று எங்கோ போக, ஓடினேன். ஆவண அறை வாசலுக்கு வந்தபோது அக்காவின் விரல் சுவிட்சில் இருந்தது.

"அக்கா, தொடாதீங்க!"

அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் குனிந்து கணினியின் பின்னாலிருந்த நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

"கோவப்படாதீங்க தம்பி" என்றார் அக்கா. "நீங்க சொன்னதுக்காக அணைக்காமத்தான் போனேன். தாவூது பாய்க்கு சம்சாரம் உண்டுல்லா, பாத்துன்னு, அவ கோயில்ல பின்னால பெஞ்சில உக்காந்து அழுதுட்டு இருந்தா. பாவம், இந்த இரைச்சல் இல்லாம ஆண்டவர்ட்ட மனசாறக் கேக்கட்டும்னு பைய எழும்பி வந்து அணைச்சிட்டேன். பன்னெண்டு அஞ்சு இருக்கும்."

அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "நல்லவேளை அக்கா, நான் சொன்னதக் கேக்காமப் போனீங்க" என்றேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வயர் இல்லாமலே கணினியைப் போட்டோம். பதிவேடு அப்படியே இருந்தது. ரீபா வந்து தாவூது பாயின் கணக்கை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து எழுதிக்கொண்டு போனாள். ஒரு மணி பத்துக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. சாயங்காலம் அவர் பாத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஆட்டோவுக்குப் போனதைப் படியில் நின்று பார்த்தேன். அதன் பிறகு நான் செய்ததை ஒன்று விடாமல் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை புது விசிறி மாட்டினேன். சத்தமே இல்லை. பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"தம்பி, இப்ப இரைச்சல் இல்லதான். ஆனாலும் கை பழகிட்டு. அணைச்சுக்கிடட்டுமா?"

நேற்று நான் போட்ட சத்தம் இன்னும் அவர் காதில் இருந்திருக்க வேண்டும்.

"அணைங்க அக்கா" என்றேன். "இனிமே என்கிட்ட கேக்காதீங்க. எனக்காகவும் ஒரு வார்த்த ஜெபம் பண்ணுங்க."

"நேத்தே பண்ணிட்டேன் தம்பி. காலைல நீங்க ஏசிட்டுப் போனீங்கல்லா, அப்பவே."

திரையில் அறுபத்தைந்தாவது புள்ளி சாம்பலானது.