தாய்மாமன் ஃப்ளெக்ஸ்

என் வீட்டுக்காரர் விஜய்பாண்டிக்கு இரண்டு கம்பெனியில் வேலை. இரண்டும் வீட்டிலிருந்தே. ஒன்றுக்கு மற்றதைப் பற்றித் தெரியாது. முதல் வேலையை அவர் பார்த்தார். இரண்டாவதை நான் பார்த்தேன், அவர் பெயரில். வாடிக்கையாளர் புகார்களைப் படித்துப் பதில் எழுத வேண்டும். மீட்டிங்கில் பேசுவது மட்டும் அவர். நானும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள்தான், கல்யாணத்துக்குப் பிறகு எந்த மகராசனும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பதினொரு மாதம், ஒரு நாள் லீவு போடாமல் பார்த்தேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் மனசு அந்தப் புகாரில்தான் கிடக்கும். சொல்ல என்ன வெட்கம், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

கெடுத்தது அவருடைய அக்கா புருஷன் சுருளியாண்டி. அனுமந்தன்பட்டியில் அவர் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என் வீட்டுக்காரர். தாய்மாமனுக்கு ஃப்ளெக்ஸ் வைக்காவிட்டால் எங்கள் பக்கம் மானம் போய்விடுமே! மண்டப வாசலில் பனைமர உயரத்துக்கு வைத்துவிட்டார். கூலிங் கிளாஸோடு இவர் போட்டோ. கீழே இரண்டு கம்பெனிப் பெயரும் கொட்டை எழுத்தில்.

"ஏண்ணே, ரெண்டையும் எதுக்குப் போட்டீக?" என்றேன்.

"என்னத்தா இப்படிக் கேக்குற? ரெண்டு வேலை பாக்குற மச்சினன் எவனுக்கு வாய்ப்பான்? ஊரு தெரிஞ்சுக்கிறட்டும்!"

ஊர் தெரிந்துகொண்டது. பந்தி முடிவதற்குள் எல்லார் ஸ்டேட்டஸிலும் ஏறி, திங்கட்கிழமை இரண்டாவது கம்பெனி மேனேஜர் கைக்கே போய்விட்டது. ஒரு வேலையை விட்டுவிடுங்கள், எதை என்று நீங்களே சொல்லுங்கள் என்றாராம். அதை இவர் என்னிடம் சொல்லவே இல்லை.

புதன்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு ஏற்கவில்லை.

"அத நேத்தே விட்டுட்டேன் அனு. ரெண்டாவது வேலைதான, போனாப் போகுது. ஒனக்கும் ரெஸ்ட்டு."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"ஒங்கிட்ட என்ன கேக்குறது? வேலை எம்பேருலதான இருக்கு."

வாஸ்தவம்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என் அம்மாவே சொல்லும். அன்றைக்கு வரவில்லை. வருமா வருமா என்று பார்த்தேன். அப்புறம் அரிசி களைந்து உலையில் போட்டேன்.

பத்து நாளில் அனுபவச் சான்றிதழ் வந்தது. பொறுமைசாலி, தெளிவாக எழுதக்கூடியவர், ஒரு புகாரைக்கூடத் தேங்க விடவில்லை என்று விஜய்பாண்டியை வாயாரப் புகழ்ந்திருந்தார்கள். பிரின்ட் எடுத்து வந்து, பத்திரமாக பீரோவில் வை என்று என்னிடமே கொடுத்தார். வாங்கி வைத்தேன்.

போன வாரம் தேனியில் ஓர் ஆபீஸுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அதுவும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலைதான்.

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வேலை பாத்திருக்கீகளாம்மா?" என்று கேட்டார் அந்த அதிகாரி.

"இல்ல சார்" என்றேன்.