மெருகு போட்ட ஷட்டில்

பாலக்கரையில் துணி தைத்துப் பிழைத்துவந்த அற்புதம்மாளின் மிஷின், 1937 ஆடி மாதத்தில் நூலை அறுக்கத் தொடங்கியது. கடைவீதியில் ரிப்பேர் கடை வைத்திருந்த பிச்சமுத்துவிடம் கொடுத்தாள். அடிநூலைச் சுமந்து ஓடும் ஷட்டில் கெட்டுவிட்டது, சீமையிலிருந்து வந்த புதிது ஒன்றைப் போட்டிருக்கிறேன் என்று அவர் சொல்லி, பன்னிரண்டு ரூபாய்க்கு ரசீதும் எழுதித் தந்தார்.

நான்காம் நாள் மறுபடி நூல் அறுந்தது. அவளே ஷட்டிலைக் கழற்றிப் பார்த்தாள். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் ஓரத்தில் விரலை ஓட்டியபோது ஒரு கீறல் தட்டியது. முந்திய வருஷம் ஊசி முறிந்து குத்திய அதே கீறல்; பழைய ஷட்டிலுக்கே மெருகு போட்டு மாட்டியிருந்தார்.

மூன்று தடவை கடைக்கு நடந்தாள். மூன்றாம் தடவை, வந்திருந்தவர்கள் முன்னால் பிச்சமுத்து சிரித்தார்.

"உங்களுக்கு மிதிக்கத்தானேம்மா தெரியும்? உள்ள இருக்கறதைப் பத்தி என்ன தெரியும்?"

அதற்குள் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கும் வேலை வேறு கைக்குப் போய்விட்டது. அற்புதம்மாள் காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்து வக்கீல் யதிராஜனிடம் போனாள்.

"பன்னெண்டு ரூபாய்க்குக் கோர்ட்டா? அலைச்சலே அதுக்கு மேல ஆயிடுமேம்மா" என்றார் அவர்.

"ஆகட்டும் ஐயா. ஏமாத்தினதும் இல்லாம, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நாலு பேர் முன்னால சொல்லிட்டாரு."

வக்கீல் காகிதத்தை எடுத்தார். வாங்கிய பணமும், கைவிட்டுப் போன தையல் வேலைக்கு நஷ்ட ஈடும் கேட்டு முன்சீப் கோர்ட்டில் பிராது பதிவானது.

வாய்தா மேல் வாய்தாவாகப் போய், தை மாதத்தில் அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஷட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"புதுசு போட்ட பிறகு, அந்த நாலு நாள்ல இந்தக் கீறல் விழுந்திருக்கலாம் இல்லையா?"

அற்புதம்மாள் முன்சீப்பின் பக்கம் திரும்பினாள்.

"கீறலுக்குள்ள பாருங்க ஐயா. அங்கயும் மெருகு ஏறியிருக்கு. பின்னால விழுந்த கீறல்னா, அதுக்குள்ள மெருகு எப்படி வரும்?"

முன்சீப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு ரூபாயையும் கோர்ட்டுச் செலவையும் பிச்சமுத்து கொடுக்க வேண்டும். கைவிட்டுப் போன வேலைக்கு ஒன்றும் இல்லை; அதற்கு அவள் எழுத்தில் ஆதாரம் காட்டவில்லை.

"இத்தனை மாசம் போனது போனதுதானா?" அவள் வக்கீலிடம் கேட்டாள். "தைக்கிறவளுக்கு ஏதுங்க எழுத்து?"

யதிராஜன் இங்கிலீஷில் இருந்த தீர்ப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காங்களா?"

அவர் தேடி, தமிழில் சொன்னார்: "வாதி தன் தொழிலை நன்கு அறிந்தவர். அவர் சாட்சியம் முழுவதும் நம்பத்தக்கது."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கு நகல் தருவாங்களா?"

"காசு கட்டணும்மா."

"கட்டறேன்" என்று சொல்லி, பணம் கட்டும் இடம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.