பாதித் தலையும் பூட்டிய கிடங்கும்

அந்த ஸ்டுடியோவில் படம் எடுப்பவர் மச்சான். எடுத்த படங்களைக் காப்பவன் அவருடைய தங்கை கணவன். எட்டு டிஸ்க்குகளை ஒரே கிடங்காகப் பிணைத்து, படிக்கட்டுக்கு அடியில் சர்வர் என்று நிறுத்தியிருந்தான். சர்வர் எழுந்ததும் கிடங்கு தானாகத் திறந்துகொள்ளும் வசதி இருந்தது. அதை அணைத்து வைத்திருந்தான். கேட்டால் பாதுகாப்பு என்பான். உண்மையில், அவன் வந்து கீபோர்டில் ஒரு வரி தட்டும்வரை ஸ்டுடியோவே கைகட்டி நிற்பது அவனுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அவன் சொல்லும் எந்த வரிக்கும் அந்த மரியாதை கிடையாது.

அன்று காலை சலூனில் மெஷினால் அவனுக்குப் பாதித் தலை முடிந்தபோது கரண்ட் போனது. சலூன்காரர் டீ குடிக்கப் போனார். கரண்ட் வந்தும் ஆள் வரவில்லை. மச்சானின் போன்தான் வந்தது. மூன்று தடவை அடிக்கவிட்டால்தான் மதிப்பு என்று இவன் எடுக்கவில்லை. நான்காவது தடவை அடிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பாதித் தலையோடு ஓடினான்.

மச்சான் நிம்மதியாக இருந்தார். ‘படங்கள்’ போல்டர் காலியாக இருந்ததாம். மாப்பிள்ளை ஒருவழியாகக் குப்பையை ஒழித்துவிட்டான் என்று மகிழ்ந்து, நேற்றைய கல்யாணம் முழுவதையும் அதில் கொட்டிவிட்டாராம்.

இவன் அவசரமாக வரியைத் தட்டினான். கிடங்கு திறந்தது. எட்டு வருடக் கல்யாணங்களும் வந்து நின்றன. நேற்றைய கல்யாணத்தை மட்டும் காணோம்.

“கார்டுல இருக்குமே மச்சான்?”

“துடைச்சுட்டேன். நீதானே தினமும் துடைக்கச் சொல்லுவ? பொண்ணு மத்தியானம் படம் பார்க்க வருது, மாப்ள.”

முடியில்லாத பக்கம் முதலில் வியர்த்தது. பிறகுதான் பொறி தட்டியது. கரண்ட் போய் வந்ததில் சர்வர் எழுந்துவிட்டது, கிடங்கு மூடியே இருந்தது. மூடியிருக்கும்போது அந்த போல்டர் வெறும் பெயர்ப்பலகை. அதில் போட்டதெல்லாம் சர்வரின் சொந்தச் சின்ன டிஸ்க்கில் விழுந்திருக்கும். கிடங்கு திறந்ததும் அதன்மேல் உட்கார்ந்து மறைத்துவிட்டது. கிடங்கை மறுபடி மூடினான். முதல் படத்திலேயே மணப்பெண் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடைத்தாள். அத்தனை அழகான கொட்டாவியை அவன் பார்த்ததே இல்லை.

படங்களை வேறு இடத்துக்கு மாற்றி, கிடங்கைத் திறந்து, உள்ளே சேர்த்தான். பிறகு அந்தத் தானியங்கி வசதியைப் போட்டுவிட்டு, சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்பினான். யாரையும் கேட்காமல் கிடங்கு திறந்துகொண்டது.

“அப்போ இனிமே உன்னைக் கூப்பிடவே வேண்டாமா?”

“வேண்டாம் மச்சான்.”

“சரி, போய் மீதித் தலையை முடிச்சுட்டு வா. வர்ற பொண்ணு பயந்துடப்போகுது.”

சலூனில் உட்கார்ந்ததுமே போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தான். சர்க்கரை டப்பா எங்கே என்று மச்சான் கேட்டார்.