அமராவதி வந்துகொண்டிருக்கிறாள்

அமராவதி திருப்பூரை விட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆனாலும் மாசி மாதத்தில் அவள் விஜயவாடாவைத் தாண்டிவிட்டாள். பங்குனி பிறந்தபோது அவள் முழங்கையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அது விசாகப்பட்டினத்துக் கடல் உப்பு. ஊத்துக்குளி ரோட்டில் அவள் குடியிருந்த லைன் வீட்டுக்காரர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. நூல் விலையைப் பற்றியும், குழாயில் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. பக்கத்து அறைக்காரி ஆந்திராவில் இருந்தால் என்ன, அறைக்குள் இருந்தால் என்ன.

அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நெசவுக்காரக் குடும்பம், பனியனுக்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. கட்டிக்கொண்டவர் சாயப்பட்டறையில் வண்டி ஓட்டினார், கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். குழந்தை இல்லை. காங்கேயத்தில் எண்ணெய் மில் மேனேஜராக இருக்கும் அண்ணன் குமாரவேல் வீட்டில் விசேஷம் என்றால் கடைசியாகத் தகவல் வருவது இவளுக்குத்தான். அண்ணன் பேரனுக்குச் சிவன்மலையில் மொட்டையடித்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். போன் போட்டுக் கேட்டதற்கு, அதுதான் ஸ்டேட்டஸ் வைத்திருந்தோமே, பார்க்கவில்லையா என்று அண்ணி திருப்பிக் கேட்டாள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் தைத்துவிட்டு அறைக்கு வந்தால் டிவியைப் போட்டுவிட்டு, செய்தி வாசிக்கிறவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். லட்சக்கணக்கான ஜனம் நெருக்கியடிக்கிற ஊரில் ஒரு பொம்பளைக்கு இப்படியும் ஒரு தனிமை. கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது.

தை மாதம் ஓர் அறக்கட்டளை அவளைத் தேடி வந்தது. ஜார்க்கண்டில், ரூர்கேலாவைத் தாண்டிக் காட்டோரத்தில், பேலாடோலி என்று ஓர் ஊர். அந்த ஊர் ஆண்களெல்லாம் பனியன் கம்பெனிகளுக்கு வந்துவிட்டார்கள். அடுத்ததாகப் பெண்கள் ரயிலேறத் தயாராக இருந்தார்கள். ஆட்கள் வேலையைத் தேடி வருவதற்குப் பதில் வேலை ஆட்களைத் தேடிப் போகட்டும் என்பது திட்டம். சோலார் தகடும் இணையம் பிடிக்கிற குடையும் பெரிய திரையும் கொஞ்சம் தையல் மெஷின்களும் பேலாடோலிக்குப் போயின. இங்கே ஒரு கம்பெனியின் மாடி அறையில் கேமராவுக்கு முன்னால் ஓவர்லாக் மெஷினைப் போட்டு, அமராவதியை உட்கார வைத்தார்கள். திட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் பூபாலன், அவிநாசிக்காரர், நல்ல மனுஷன். தினமும் மதியம் அவள் தமிழில் பேசித் தையல் சொல்லிக்கொடுப்பாள். ஒரு மென்பொருள் அதை இந்தி எழுத்தாக்கித் திரையின் அடியில் ஓடவிடும். அங்கே படிக்கத் தெரிந்த சுக்மணி என்பவள் அதை மற்றவர்களுக்கு உரக்க வாசிப்பாள்.

மென்பொருள் புத்தகத் தமிழ் படித்து வளர்ந்தது போலிருக்கிறது, கம்பெனித் தமிழுக்கு ரொம்பத் திணறியது. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற ஆளை இங்கே கைமடி என்போம். அவள் கைமடி என்று சொன்ன போதெல்லாம் அது கை என்றும் மடி என்றும் பிரித்து எழுத, பேலாடோலிப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்தார்கள். அந்த ஊர் மரியாதை அப்படி என்று அமராவதியும் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். உண்மையைச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளை யாரும் அப்படி முகத்துக்கு நேராகப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

அதைவிடப் பெரிய கூத்து வகுப்பு முடியும்போது நடந்தது. நம் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. சாகப் போகிறவன்கூடச் சொல்ல மாட்டான். அமராவதி முதல் நாளே கும்பிட்டு, "வர்றேனுங்க" என்று சொல்லிக் கேமராவை அணைத்தாள். நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று மென்பொருள் எழுதியது. சுக்மணி வாசித்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் திரையில் முன்வரிசையில் ஒரு காலி நாற்காலி கிடந்தது, அதன்மேல் ஒரு டம்ளர் டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. யாரோ ஆபீசர் வரப்போகிறார் என்று அமராவதி நினைத்துக்கொண்டாள். அன்றைக்கும் வர்றேனுங்க என்றாள், அடுத்த நாளும் சொன்னாள்.

செருப்பில் படிந்த தூசியில்தான் முதலில் தெரிந்தது. மாடிக்கும் அறைக்கும் நடந்த செருப்பில் சேலம் பக்கத்து வெள்ளைக்கல் தூள் ஒட்டியிருந்தது. பிறகு காட்பாடி வெயில் அடித்தது. தெருவே நிழலாக இருந்தபோது அவளுக்கு மட்டும் நெற்றி பொசுங்கியது. குண்டூர்ப் பக்கம் வந்தபோது மிளகாய் நெடி தாங்காமல் தும்மித் தள்ளினாள். அதற்கு முன்னால் உடம்புக்கு முடியாமல் ஒரு வாரம் வகுப்பு எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க கூடூர் ஸ்டேஷனின் இட்லி வாசம் அவளைவிட்டு நகரவே இல்லை. மறுபடி வகுப்பெடுத்து வர்றேனுங்க என்று சொன்ன பிறகுதான் வாசம் மாறியது. சொன்னால் நகர்கிறாள், சொல்லாவிட்டால் நின்றுவிடுகிறாள், அவ்வளவுதான் விஷயம்.

விஷயத்தை அவளுக்கு விளக்கியவன் மங்ரா. சுக்மணியின் அண்ணன், பக்கத்து லைனில் நாலு பேரோடு தங்கி, சலவைப் பட்டறையில் வேலை பார்த்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"அக்கா, தங்கச்சி போன்ல கேக்குது. நீங்க எதுவரைக்கும் வந்தாச்சு?"

அமராவதிக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாகச் சொன்னான். நாற்காலி அவளுக்கானது. டீயும் அவளுக்கானது. சாயங்காலமானால் ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டுத்தான் உலை வைக்கிறார்கள். ஊருக்கு வெளியே பாதையில் ஆள் நிறுத்திப் பார்க்கிறார்கள். அந்த ஊரிலிருந்து போன ஆண்கள் எல்லாரும் வருகிறேன் வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, சர்ஹுல் பண்டிகைக்குக்கூட வராதவர்கள், தானும் அதில் ஒருத்தன் என்று மங்ரா தலை குனிந்தான். டீச்சரம்மா மட்டும் தினமும் தவறாமல் சொல்கிறார், சொல்கிறவர் ஒருநாள் வந்துவிடுவார் என்று தங்கச்சி நம்புகிறாள் என்றான். அமராவதி அன்றைக்குச் சாப்பிடவில்லை. தனக்காக ஓர் ஊரில் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாக வேகிறது என்பதை நினைத்து நினைத்து அழுதாள். அது ஒரு சொல் பிசகு, அதற்கு அர்த்தம் வேறு என்று மறுநாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்புதான். ஆனால் அவள் இடத்தில் இருந்தால் யாருக்கும் வாய் வந்திருக்காது.

அதன்பின் இங்கே அவள் குறைய ஆரம்பித்தாள். பலமுறை துவைத்த பனியன் மாதிரி, ஆள் இருந்தாள், நிறம் போய்விட்டது. கம்பெனி வாசலில் விரல் வைக்கும் கருவி அவள் விரலை ஏற்க மறுத்தது. டீக்கடைக்காரர் எதிரில் நின்றவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் நின்றவனிடம் என்ன வேண்டும் என்றார். குரல் பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது. திரையில் மட்டும் நாளுக்கு நாள் தெளிவாகத் தெரிந்தாள். சித்திரையில் ஈர மண் வாசமும் மலைக்காற்றும் அடிக்கத் தொடங்கின. தன்பாத் ரயிலில் போய்வந்து பழகிய மங்ரா, அவள் சேலையை மோந்து பார்த்துவிட்டு, இது ராயகடா, ஒடிசா மலை ஸ்டேஷன், இன்னும் ஒரு ராத்திரிப் பயணம்தான் பாக்கி என்று சந்தோஷமாகச் சொன்னான்.

அந்த வாரம்தான் திட்டத்தை மூடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பணம் கொடுத்துவந்த வெளிநாட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பூபாலனுக்கும் வருத்தம்தான். ஆனால் பேலாடோலியில் நடப்பதை அதற்குள் அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

"அக்கா, முடிஞ்சுதுன்னு தெளிவாச் சொல்லிருங்க. அந்த வர்றேனுங்கறது மட்டும் வேண்டாங்க. அவங்க அங்க உங்களுக்கு ரூமே கட்டிட்டாங்க."

அமராவதி பயந்துபோனாள். வகுப்பு நின்றுவிட்டால் அவள் ராயகடாவோடு நின்றுவிடுவாள். திரும்பி வர வழி கிடையாது. இங்கே டீக்கடைக்காரர்கூட அவளைப் பார்ப்பதில்லை. அங்கேயும் போய்ச் சேர முடியாது. ஆயுசுக்கும் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான். இதையெல்லாம் பூபாலனிடம் எப்படிச் சொல்வது? சரிங்க தம்பி என்று மட்டும் சொன்னாள்.

கடைசி வகுப்பில் கழுத்துப் பட்டி வைப்பதைச் சொல்லிக்கொடுத்தாள். பெண்கள் நன்றாகத் தைத்தார்கள், சும்மா சொல்லக் கூடாது. பூபாலன் கேமராவுக்குப் பின்னால் நின்றார். அமராவதி எழுந்து, வகுப்பு இதோடு முடிந்தது என்றாள், இனிமேல் தன்னால் வர முடியாது என்றாள். மென்பொருள் அன்றைக்கென்று ஒரு பிழையும் இல்லாமல் எழுதியது. சுக்மணி அதை வாசிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து, கற்றுக்கொண்ட கொஞ்சத் தமிழில் தானே கேட்டாள்.

"டீச்சர், இப்ப நீங்க எங்க?"

அமராவதி பூபாலனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

"ராயகடாவுலீங்க," என்றாள்.

சுக்மணி திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். பெண்கள் மெஷின்களை நிறுத்தினார்கள், துணிகளை மடித்து வைத்தார்கள், ஒருவர்பின் ஒருவராக அறையை விட்டு வெளியே போனார்கள். காலி நாற்காலி மட்டும் திரையில் தெரிந்தது. கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து அமராவதி விக்கி விக்கி அழுதாள். பூபாலன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

அடுத்த நாள் அவள் கம்பெனிக்குப் போகவில்லை. போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்தபடி, ராயகடா ஸ்டேஷனில் வருகிற போகிற ரயில்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்காக இறங்கவில்லை. பசித்தது; எந்த ஊர்ப் பசி என்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் அதுவரை பட்ட தனிமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் மங்ரா பதறிக்கொண்டு பூபாலனைத் தேடி ஓடினான். பேலாடோலிப் பெண்கள் கூட்டமாகத் தெற்கே வரும் ரயிலில் ஏறிவிட்டார்கள் என்று ஊரிலிருந்து தகவல் வந்திருந்தது. அவர்கள் ரயிலேறக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை செலவு செய்தோம் என்று பூபாலன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, அமராவதியின் பாதத்தில் ஜில்லென்று தண்ணீர் விழுந்தது. குனிந்து பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. ஆனால் இரண்டு கைகள் அவள் வலது காலைத் தாங்கிப் பிடித்து, விரல் இடுக்குகளில் இருந்த எல்லா ஊர்த் தூசியையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவின. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். அவளுக்கு அந்த விரல்களைத் தெரியும், அவள் பழக்கிய விரல்கள்தான். இடது காலை வேறொருத்தி கழுவினாள். முந்தானையால் துடைத்தார்கள். யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள், அவளும் எழுந்து போனாள். சோறு வடித்த கஞ்சியை ஊற்ற வெளியே வந்த வீட்டுக்காரம்மா, திறந்து கிடந்த கதவையும், கட்டிலடியிலிருந்து வாசல்வரை போயிருந்த ஈரக்கால் தடத்தையும் பார்த்தாள். வாசலுக்கு வெளியே ஈரம் இல்லை. விருந்தாளி வந்தால் எங்கள் ஊரில் முதலில் காலைத்தான் கழுவிவிடுவார்கள் என்று மங்ரா சொன்ன பிறகு, வீட்டுக்காரம்மா தரையைத் துடைத்துவிட்டு, அறையை உடுமலைக்காரக் குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டாள்.

பெண்கள் ராயகடாவோடு இறங்கித் திரும்பிவிட்டதில் பூபாலனுக்கு நிம்மதி. மெஷின்களைத் திருப்பி எடுத்துவரச் செலவு அதிகம் என்பதால் அவை அங்கேயே கிடந்தன. அவற்றில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக்கொடுக்கிறார்கள் என்று கேள்வி. மங்ரா ஊருக்குப் போய்விட்டான். அதிலும் யாரும் அதிசயப்படவில்லை.

ஆவணியில் அண்ணன் குமாரவேலுக்கு எதற்கோ தங்கச்சி ஞாபகம் வந்து போன் போட்டார். ரொம்ப நேரம் அடித்து, அவள் எடுத்தபோது பின்னால் மழைச் சத்தமும், நாலைந்து பொம்பளைகள் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கிற சத்தமும் கேட்டன. கோழி ஒன்று கத்தியது.

"எங்கிருக்கற அம்மிணி?" என்றார் குமாரவேல்.

அமராவதி யோசிக்கவில்லை.

"ஊட்லதானுங்ணா," என்றாள்.

அப்படியா, சரி சரி என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.